பழைய மாருதியில் சஸ்பென்ஷன் போல்ட்டின் மரை போய்விட்டால்

வடசென்னையில், திருவொற்றியூரில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. அப்பா வாங்கிய 1999ஆம் ஆண்டு மாருதி 800 காரை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். முன்பக்கம் சத்தம் வந்ததால் ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர் புஷ்களை மாற்றக் கொடுத்திருக்கிறார். திரும்ப மாட்டும்போது, அந்தப் பாரை வண்டியின் பாடியோடு பிடிக்கும் இடப்பக்கத் தாங்கியில் ஒரு போல்ட் இறுகவில்லை. எவ்வளவு திருகினாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதாவது போல்ட்டும் நட்டும் கவ்விக்கொள்ளும் திருகுப் பல்லான மரை போய்விட்டது. ‘டெஃப்லான் நாடா சுற்றி ஏற்றிவிடலாம், இல்லையென்றால் தலையை வெல்டு வைத்துவிடலாம், அந்த ஒரு போல்ட் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும்’ என்று பட்டறையில் சொல்கிறார்களாம். எதைச் செய்வது என்று கேட்கிறார்.

தம்பி, மூன்றுமே வேண்டாம். அதிலும் அந்த மூன்றாவது யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலான கார்களில் ஸ்டெபிலைசர் பார் வளைவில் வண்டி சாயாமல் இருப்பதற்காக மட்டும் இருக்கும். மாருதி 800இல் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. சக்கரத்தை வண்டியோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் கையான லோயர் ஆர்ம், உள்பக்கம் ஒரே ஒரு புஷ்ஷில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. ஒற்றைக் கீலில் தொங்கும் கதவைப் போல அது மேலும் கீழும் அசையலாம், ஆனால் முன்னும் பின்னும் நகராமல் அதைப் பிடித்து நிறுத்துவது ஸ்டெபிலைசர் பார்தான். நீங்கள் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்த இழுப்பு பார் வழியாக வந்து, நீங்கள் ‘ஒன்று போய்விட்டது’ என்று சொல்லும் அந்தத் தாங்கியின் போல்ட்டுகளில்தான் விழுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போகும்போது திடீரென்று பிரேக் அடித்தால், வண்டி இடப்பக்கம் இழுப்பதா நேராக நிற்பதா என்பது அந்த இரண்டு மூன்று போல்ட்டுகளின் கையில் இருக்கிறது.

அடுத்தது, போல்ட் எப்படி வேலை செய்கிறது என்பது. பலர் போல்ட்டை ஓர் ஆணி போல நினைக்கிறார்கள். துளைக்குள் நின்று இரும்பு நகராமல் தடுக்கிறது, அவ்வளவுதான் என்று எண்ணம். அப்படி இல்லை. இறுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீளுகிறது. நீண்ட ஸ்பிரிங் சுருங்கப் பார்ப்பது போல அது இரண்டு தகடுகளையும் சேர்த்து அழுத்துகிறது. 10 மில்லிமீட்டர் தடிமனில் 8.8 தரப் போல்ட் (8.8 என்பது தலையில் பொறித்திருக்கும் வலு எண்) ஒன்றைச் சரியாக இறுக்கினால் அந்த அழுத்தம் சுமார் இரண்டரை டன். அந்த அழுத்தத்தில் இரண்டு இரும்பும் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொள்கின்றன, பாரத்தைச் சுமப்பது அந்த உராய்வுதான். மரை போன போல்ட் துளைக்குள் நிற்கலாம், கீழே விழாமல்கூட இருக்கலாம், ஆனால் அழுத்தம் கொடுக்காது. ஆகவே எந்தப் பழுதுபார்ப்பையும் நான் ஒரே கேள்வியால் அளப்பேன்: வேலை முடிந்த பிறகு அந்தப் போல்ட் முழு டார்க்கையும், அதாவது இறுக்கும் முறுக்கு விசையையும், வாங்கி அங்கேயே நிற்குமா? நாடா சுற்றிய போல்ட் நிற்காது.

அழுத்தம் போன இடம் எப்படி இருக்கும் என்று பார்த்தால் உங்களுக்கே விளங்கிவிடும். மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, 2024 தொடக்கத்தில், தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு 800 வந்தது. கீழே படுத்து விளக்கை அடித்துப் பார்த்தேன். தாங்கியின் மற்ற பகுதியெல்லாம் மண்ணும் கறுப்பு எண்ணெயும் அப்பிக் கிடக்க, போல்ட் தலையைச் சுற்றி மட்டும் ஒரு பிறை வடிவத்தில் இரும்பு வெள்ளி போலப் பளபளத்தது. அதன் விளிம்பில் குங்குமப்பூ நிறத்தில் மெல்லிய துருப்பொடி. தகடும் தாங்கியும் மாதக்கணக்கில் ஒன்றையொன்று தேய்த்திருக்கின்றன. போல்ட்டை விரலாலேயே திருகி எடுத்தேன். அதன் மேல் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று சுற்றிக்கொண்டு வந்தது. கையில் எடுத்து நீட்டினால் பேனா ஸ்பிரிங் மாதிரி நீண்டது. நட்டுக்குள் இருந்த மரை முழுவதும் அப்படியே உரிந்து வந்திருந்தது. முந்தைய ஆண்டு எங்கோ ஓர் இடத்தில் அதே போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால், அதாவது காற்றழுத்தத்தில் போல்ட் முடுக்கும் கருவியால், ஏற்றியிருக்கிறார்கள்.

உங்கள் வண்டியில் என்ன ஆகியிருக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘போல்ட் சுற்றுகிறது’ என்பது ஒரே நோயல்ல. போல்ட்டின் மரை மட்டும் போயிருக்கலாம், நட்டின் மரை போயிருக்கலாம், அல்லது பாடியின் பெட்டிக்குள் வெல்டு வைத்த நட்டே பிய்ந்து போல்ட்டோடு சேர்ந்து சுற்றலாம். போல்ட் தலைக்கு அடியில் ஒரு திருப்புளியை நெம்பிப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திருகுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தால் நட் இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வரும் போல்ட்டைத் துணியால் துடைத்து மரையைப் பாருங்கள். மரை கூர்மையாக இருந்து, பள்ளங்களில் இரும்புச் சுருள் அடைத்திருந்தால் போனது நட்டின் மரை. மரை முனைகள் மழுங்கி, ஒருபக்கம் சாய்ந்திருந்தால் போனது போல்ட். எவ்வளவு திருகினாலும் வெளியேயும் வராமல், பெட்டிக்குள் ‘கரகர’ என்று சத்தம் கேட்டால் நட் பிய்ந்துவிட்டது. அதுதான் பெரிய வேலை, பிறகு வருகிறேன்.

புதுப் போல்ட் வாங்கப் போகும் முன் இதைக் கேளுங்கள், ஏனென்றால் நம் பக்கம் கெட்டுப்போகும் மரைகளில் பாதிக்குக் காரணம் இதுதான் என்பது என் அனுபவம். ஜப்பான் வழி வந்த கார்களில் 10 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி பொதுவாக 1.25 மில்லிமீட்டர். சாதாரண ஹார்டுவேர் கடையில் ‘பத்து எம்எம் போல்ட்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது 1.5. இரண்டும் தடிமனில் ஒன்றே, பார்வைக்கும் ஒன்றே. 1.5 போல்ட்டை 1.25 நட்டில் வைத்தால் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். கையில் ஸ்பேனர் பிடித்தவனுக்கு அது தெரிந்துவிடும். காற்றுத் துப்பாக்கிக்குத் தெரியாது, அது மரையைச் சீவிக்கொண்டே உள்ளே போகும். போல்ட்டின் தலையும் ஒரு துப்புக் கொடுக்கும். மாருதியோடு வந்த 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 14 நம்பர் ஸ்பேனர் போடும், கடைப் போல்ட்டுக்கு 17 அல்லது 16 போடும். உங்கள் வண்டிக்கு அடியில் ஒரே தாங்கியில் ஒன்றுக்கு 14உம் இன்னொன்றுக்கு 17உம் போட்டால், யாரோ முன்பே கைவைத்திருக்கிறார்கள்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. மறுபக்கத்தில் நல்ல நிலையில் இருக்கும் அதே போல்ட்டைக் கழற்றி, புதியதோடு மரைக்கு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசியாமல் பல்லோடு பல் உட்கார்ந்தால் ஒரே மரை. மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. தலையில் 8.8 என்ற எண் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணே இல்லாத போல்ட், அல்லது 4.6 என்றிருக்கும் போல்ட், ஜன்னல் கிரில்லுக்குப் போகட்டும். பழைய போல்ட்டின் தலையில் என்ன தரம் இருந்ததோ அதற்குக் குறையாமல் வாங்க வேண்டும். ஜி.பி. சாலை உதிரிபாகக் கடைகளிலோ, லிங்கிச் செட்டித் தெருவின் ஹார்டுவேர் கடைகளிலோ பழைய போல்ட்டைக் கையில் கொண்டுபோய் ‘இதே மரை, இதே தரம்’ என்று கேளுங்கள்.

காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்கள் படகு வேலையைப் பார்த்துவிட்டு, ‘உப்புக்காற்றுக்குத் துருவே பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாமே’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் சஸ்பென்ஷனில் கூடாது. வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 ரக ஸ்டெயின்லெஸ் 8.8ஐவிட வலு குறைந்தது. அதைவிட முக்கியம், 8.8 போல்ட் 640 மெகாபாஸ்கல் இழுப்பு வரை நீண்டு திரும்பச் சுருங்கும், ஏ2-70 சுமார் 450இலேயே நிரந்தரமாக நீண்டுவிடும். நீண்ட ஸ்பிரிங்கில் இறுக்கம் ஏது? ஸ்டெயின்லெஸ் மரைகள் இறுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கிக்கொள்ளும் குணமும் உண்டு.

இனி வைத்தியம். போல்ட் மட்டும் போயிருந்தால் உங்களுக்கு யோகம். நட்டின் மரையைச் சுத்தம் செய்து புதுப் போல்ட் போட்டால் முடிந்தது. சுத்தம் செய்ய, மரை வெட்டும் கருவியான டேப்பை ஓட்டலாம், ஆனால் கூரான டேப் நல்ல மரையையும் கொஞ்சம் சீவும். நான் பழைய நல்ல போல்ட் ஒன்றை எடுத்து, ஹேக்ஸா பிளேடால் மரையின் குறுக்கே நீளவாக்கில் மூன்று வெட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். எண்ணெய் விட்டுக் கையால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டினால் துருவும் மண்ணும் அந்த வெட்டுக்குள் விழுந்து வெளியே வரும், மரை அடிபடாது. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இதைச் செய்யாமல் போல்ட் ஏற்றவே கூடாது.

நட்டின் மரை போயிருந்து, நட் அசையாமல் இருந்தால் சுருள் மரை பொருத்துவதுதான் என் முதல் தேர்வு. ஹெலிகாயில் என்று கேட்டால் டூல் கடையில் தெரியும். வைரக் குறுக்குவெட்டுள்ள ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சுருளாகச் சுற்றி வைத்திருப்பார்கள். பழைய துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் புது மரை வெட்டி, சுருளை உள்ளே திருகிவிட்டால் உள்பக்கம் மறுபடியும் அதே 10க்கு 1.25 மரை கிடைத்துவிடும். இந்த அளவுக்கு டிரில் சுமார் 10.3 மில்லிமீட்டர், ஆனால் சுருள் வாங்கும் பெட்டியில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுவே வேதம். டிரில் நேராகப் போவதுதான் இதில் உயிர்நாடி. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையால் பிடித்தால் சாய்ந்துவிடும். தாங்கியையே துளைக்கு வழிகாட்டியாக வைத்து, நல்ல போல்ட்டால் அதை இடத்தில் பிடித்துக்கொண்டு, அந்தத் துளைக்குச் சரியாக உட்காரும் ஓர் இரும்புக் குழாய்ப் புஷ்ஷை லேத்தில் கடைந்து அதன் வழியே டிரில்லை விடுங்கள். இந்தச் சின்ன புஷ் கால் மணி நேர வேலை, ஆனால் கோணல் துளையால் வரும் தலைவலியை அடியோடு தவிர்க்கும்.

சுருள் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே, அரை மரை முதல் ஒரு மரை ஆழத்தில் உட்கார வேண்டும். அடியில் இருக்கும் சின்ன நாக்கை ஒரு பஞ்ச் கருவியால் தட்டி முறித்து வெளியே எடுக்க வேண்டும். அதை உள்ளேயே விட்டுவிட்டு, போல்ட் பாதியில் நிற்கிறதே என்று ஓங்கித் திருகி, போட்ட சுருளையே கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சுருளின் நீளத்தையும் யோசித்து வாங்குங்கள். பெட்டியில் வரும் 15 மில்லிமீட்டர் நீளச் சுருள் வெல்டு நட்டின் உயரத்தைத் தாண்டித் தொங்கும், நட்டின் உயரத்துக்கு ஏற்றது வேண்டும்.

‘பெரிய போல்ட்டாக 12 போட்டுவிடலாமே’ என்பது அடுத்த யோசனை. சில இடங்களில் சரி. தாங்கியின் துளையையும் பெரிதாக்க வேண்டும், துளைக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவில் போதிய இரும்பு மிஞ்ச வேண்டும். லோயர் ஆர்மின் உள்பக்கப் போல்ட்டாக இருந்தால் இது முடியவே முடியாது, ஏனென்றால் அந்தப் போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாய் வழியாகப் போகிறது, குழாயின் உள்விட்டம் பத்துக்குத்தான். 12க்கு 1.25 மரை வெட்ட டிரில் 10.8. அதோடு, இன்னொரு முறை மரை போனால் அடுத்து நகர இடமில்லை. சுருள் போட்டால் கைவசம் ஒரு வாய்ப்பு மிஞ்சுகிறது. அதனால்தான் நான் சுருளை முதலில் வைக்கிறேன்.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அதில் பல இடங்களில் அங்குலக் கணக்கு மரை இருக்கும், மில்லிமீட்டர் போல்ட்டை ஏற்றிப் பார்க்காதீர்கள்.

இப்போது பெரிய வேலை, பெட்டிக்குள் நட் பிய்ந்து சுற்றுவது. முதலில் போல்ட்டை வெளியே எடுக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை வடிகால் துளை வழியாக உள்ளே அடித்து ஓரிரவு ஊறவிட்டு, நெம்பிக்கொண்டே திருகினால் சில சமயம் வரும். வராவிட்டால் தலையை அறுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு நட்டை எட்டுவதற்கு ஒரே வழி, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் திறப்பது. நட் இருக்கும் இடத்துக்கு நேரே, மெல்லிய வெட்டுத் தகட்டால் மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தை மடிப்பாக வைத்துக் கதவு போலத் திறக்க வேண்டும். மூலைகளைக் கூராக வெட்டாமல் வளைவாக வெட்டச் சொல்லுங்கள், கூர்மூலையில்தான் பின்னால் விரிசல் தொடங்கும்.

திறந்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். நம் பக்கத்து வண்டிகளில் இங்கேதான் உண்மை தெரியும். கடல் அரை மைலில் இருக்கிறது, மழைக்காலத்தில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கிறது, பெட்டிக்குள் போன சேறு காய்ந்து உப்போடு கட்டியாகிக் கிடக்கும். திருப்புளியின் முனையால் தகட்டைக் குத்திப் பாருங்கள். ‘டிங்’ என்று இரும்பாக ஒலித்தால் சரி. பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் போல்ட்டைப் பற்றிய பேச்சே முடிந்தது. அந்தப் பகுதித் தகட்டையே வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் புதுத் தகடு வைத்து, அதில் நட்டைப் பற்றவைக்க வேண்டும். அழுகிய தகட்டில் எவ்வளவு நல்ல நட்டை வைத்தாலும் அது தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும்.

தகடு நன்றாக இருந்தால், வெறும் நட்டை வைக்காமல் மூன்று மில்லிமீட்டர் தகட்டுத் துண்டு ஒன்றில் நட்டை முதலில் மேஜையில் வைத்துப் பற்றவைத்து, அந்தத் துண்டை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். பாரம் பரவும். இடம் பிசகாமல் இருக்கத் தாங்கியை மாட்டி, புதுப் போல்ட்டால் நட்டை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று பொட்டு வைத்தபின், போல்ட்டைக் கழற்றிவிட்டு மீதியை முடிக்க வேண்டும். சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டுச் செய்யும் மின்) வெல்டிங்தான் இதற்குச் சரி, கேஸ் வெல்டிங்கின் சூடு சுற்றுவட்டாரத் தகட்டையெல்லாம் நெளித்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றாமல் யாரையும் வெல்டிங் மூட்ட விடாதீர்கள். அடியில் ஓடும் பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்று பார்த்து ஒதுக்கி, ஈரச் சாக்கும் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும். ஜன்னலை மூடிப் பற்றவைத்தபின் வெளியே பிரைமர், உள்ளே வடிகால் துளை வழியாக மெழுகு அல்லது துருத்தடுப்பு எண்ணெய். வெல்டிங் உள்பக்கப் பெயின்ட்டை எரித்திருக்கும், அதை அப்படியே விட்டால் அந்த இடம்தான் முதலில் அழுகும்.

‘தலையை வெல்டு வைத்துவிடலாம்’ என்று அவர்கள் சொன்னதற்கும் இப்போது பதில் சொல்லலாம். 8.8 போல்ட்டின் வலு, அதைச் சூடேற்றிக் குளிரவைத்துப் பதப்படுத்தியதால் வந்தது. 425 டிகிரிக்கு மேல் மறுபடி சூடேறினால் அந்தப் பதம் கெடத் தொடங்கும், வெல்டிங்கின் சூடு அதைவிடப் பல மடங்கு. போல்ட் இறுக்கமும் கொடுக்காது, பதமும் போய்விடும், அடுத்த முறை புஷ் மாற்ற வேண்டுமென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

யாரிடம் கொடுப்பது என்று தயங்க வேண்டாம். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப் என்று மூன்று தலைமுறை இரும்பு வேலை பார்த்த பகுதி இது. டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் வைத்திருக்கும் சின்ன லேத் பட்டறை உங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு போல்ட்டை நீட்டி ‘இது என்ன மரை?’ என்று கேளுங்கள். பார்த்த பார்வையிலேயே பதில் சொல்லாமல், கேஜை எடுத்து வைத்து அளப்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.

எந்த வேலையானாலும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். நம் தெருக்களில் மணல் தரை அதிகம், ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள்.

மாட்டும்போது முதல் ஐந்து ஆறு சுற்றைக் கையால் ஏற்றுங்கள். கை நின்றால் நிறுத்தி ஏன் என்று பாருங்கள். தாங்கியின் எல்லாப் போல்ட்டையும் பாதி ஏற்றிவிட்டு, பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டாக இருந்தால் கடைசி இறுக்கத்தை வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கும்போது கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் கிழிந்துவிடும். டார்க் அளவுக்குச் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். பொதுவாக 8.8 தரத்தில் 10க்கு 1.25 போல்ட்டுக்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், 8 மில்லிமீட்டருக்கு 23 முதல் 25. இது உலர்ந்த மரைக்கு. உப்புக்காற்றுக்காகக் காப்பர் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும், ஆகவே கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.

டார்க் ரென்ச் ‘டக்’ என்று சொன்னதும், போல்ட் தலையிலிருந்து தாங்கிக்கு வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் விளக்கை அடித்து அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு உடையாமல் நேராக இருந்தால் வண்டியைச் சக்கர அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோகலாம். உடைந்திருந்தால் ஓட்டாமல் என்னிடம் கேளுங்கள்.